ஏழாம் வரிசையில் இரண்டு கற்கள்

ஹெர்மினா வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் வந்து இறங்கினாள். கோட்டைக்கோயிலின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கடையில் கேட்டிருக்கிறாள். அவர்கள் என் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள். நான் முற்றத்தில் பன்றித் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாவி கேட்டு வருகிறவர்கள் மேல் எனக்குப் பெரிய பிரியம் கிடையாது. வருவார்கள், மதிலின் கனத்தைக் கையை விரித்து அளப்பார்கள், ஊர்ப் பன்றிக்கொழுப்பையெல்லாம் தொங்கவிடும் கோபுரத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், கோயிலுக்குள் கூவென்று கத்தி எதிரொலி கேட்பார்கள், போய்விடுவார்கள். இந்தப் பெண்மணி மதிலை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“கோபுரத்துல ஏறணுமா, இல்ல கோயில் மட்டும் போதுமா?” என்று கேட்டேன்.

“கல்லறைத் தோட்டம் பாக்கணுங்க. ஏழாவது வரிசை. சாரா பார்த்மெஸ். என் மாமியார்.”

என் கையிலிருந்த பிரஷ் தொட்டிக்குள் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவன், தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

“அப்போ நீங்க கியோர்க் சம்சாரமா? நானும் அவனும் ஒரே வகுப்பு. எங்க அவன்? பஸ் ஸ்டாப்புல நின்னு தம்மடிக்கிறானா?”

“வந்திருக்காருங்க.” அவள் பையை லேசாகத் தட்டினாள். “போன மாசம் போயிட்டார். இது சாம்பல். அவங்க அம்மா பக்கத்துல வைக்கணும்னு சொல்லிட்டுப் போனார். போதகருக்கு எழுதினேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அடக்கம் பண்ணலாம், அதுக்குள்ள சிமோன்கிட்ட சொல்லிக் கல்லைத் திறந்து வைங்கன்னு பதில் போட்டார். சிமோன் யாருங்க?”

“நான்தான்” என்றேன். வேறு யாராவது சிமோன் இருந்திருந்தால் அவனைக் காட்டியிருப்பேன்.

அந்தக் கல்லைப் போட்டவன் நான். ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் அந்தக் கல்லில் இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சாரா என்று பெயர் போட்ட கல்லின் கீழே சாரா இல்லை.

நாங்கள் சாக்சன் ஜனம், ருமேனிய நாட்டில் ஜெர்மன் பேசுகிறவர்கள். எண்ணூறு வருடம் இந்தத் திரான்சில்வேனியப் பள்ளத்தாக்கில் மதில் கட்டி, மதிலுக்குள் கோயில் கட்டி, துருக்கிப் படை வந்தபோது மாடு கன்று பிள்ளைகளோடு அதற்குள் ஓடி ஒளிந்து பிழைத்தோம். எந்தப் படைக்கும் காலி செய்யாத ஊரை, தொண்ணூறில் எல்லை திறந்ததும் ஒரே கோடையில் காலி செய்துவிட்டு எல்லோரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். என் மனைவி ருமேனியக்காரி. அவள் அசைய மாட்டேன் என்றாள், நான் தங்கினேன். போகிறவர்களுக்கு வீட்டைவிட, மாட்டைவிட, கல்லறைகள்தான் கவலை. இனி யார் களை பறிப்பார்கள்? ஆகவே கிளம்புமுன் ஒவ்வொரு குடும்பமும் என்னைக் கூப்பிட்டு, “சிமோன், எங்க ஆளுங்களை கான்கிரீட் போட்டு மூடிடு” என்றது. அந்தக் கோடையில் நாற்பத்தோரு கல்லறைகளை மூடினேன்.

அதில் இரண்டு புதுக் குழிகள். சாரா மே மாதம் செத்தாள். ரெஜினா ஜூனில். ரெஜினா யார் என்றால், எங்கள் தெரு மத்தியாஸ் மாமாவின் மனைவி. புது மண் அமுங்க ஒரு வருடம் ஆகும், அதுவரை கல் போடக்கூடாது என்று சொன்னேன். ஒரு வருடம் யாரிடம் இருந்தது? இரண்டுக்கும் மரச்சிலுவை மட்டும்தான் நட்டிருந்தது. அவற்றைப் பிடுங்கி மதிலில் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றினேன். சாயங்காலம் காற்றும் மழையும் அடித்துச் சிலுவைகளைப் புரட்டிப் போட்டன. காலையில் அள்ளி எடுத்து, நினைவிலிருந்த வரிசைப்படி வைத்து, அதைப் பார்த்துப் பெயர்த்தகடுகளைப் பதித்தேன். நினைவு என்று நான் சொல்வது, முந்தின நாள் மூன்று பிரியாவிடை விருந்துகளில் பிளம் சாராயம் குடித்தவனின் நினைவு.

கியோர்க் அதற்குள் கிளம்பிப் போயிருந்தான். தவறைக் கண்டுபிடிக்க ஊரில் ஆள் இல்லை. அக்டோபரில் மத்தியாஸ் மாமா திரும்பி வந்தார். அவர் பிப்ரவரியிலேயே மகன்களோடு ஜெர்மனிக்குப் போனவர். ரெஜினா வீட்டையும் பன்றிகளையும் விற்றுவிட்டுப் பின்னாலேயே வருவதாக ஏற்பாடு. அவள் செத்த தந்தி நியூரன்பெர்க் குடியேறிகள் முகாமில் அவர் கைக்கு வந்தபோது ஒன்பது நாள் ஆகியிருந்தது. காகிதங்கள் இல்லாமல் வெளியே வர முடியவில்லை. வந்ததும் நேராக என்னிடம் வந்து, “எங்கடா அவ?” என்றார். கூட்டிக்கொண்டு போய்த் தகட்டைக் காட்டினேன். மறுநாள் கல்லறைப் புத்தகத்தில் அவர் பெயருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது, அப்போதுதான் பார்த்தேன். ஏழாம் வரிசை, பதினொன்று சாரா. பன்னிரண்டு ரெஜினா. நான் தலைகீழாகப் பதித்திருந்தேன்.

சொல்வதற்காக ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குப் போனேன். மத்தியாஸ் மாமா கல்லின் மேல் கவிழ்ந்து படுத்து, கன்னத்தை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயது மனிதர், ஊரிலேயே பெரிய ஏர் பிடித்தவர். நான் திரும்பி வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் ஜெர்மனிக்குத் திரும்பவே இல்லை. மகன்கள் கெஞ்சிப் பார்த்தார்கள். “உங்கம்மாவ விட்டுட்டு ஒருதரம் வந்தேன், போதும்” என்றுவிட்டார். தினமும் நாலு மணிக்குப் பால் கறக்கும் முக்காலியை எடுத்துக்கொண்டு அந்தக் கல்லருகே போய் உட்காருவார். முப்பத்து மூன்று வருடம். என்னுடைய ‘நாளைக்கு’ அவ்வளவு நீண்டுபோயிற்று.

ஹெர்மினாவைக் கூட்டிக்கொண்டு போனபோதும் அங்கேதான் இருந்தார். எண்பத்தேழு வயது, முதுகு வளைந்திருந்தாலும் காது நன்றாகக் கேட்கும்.

“கியோர்க் பொண்டாட்டியா? வா தாயி, வா. என் வைக்கோல் போர்ல ஒளிஞ்சு சிகரெட் பிடிச்சு, போரையே கொளுத்தின பய அவன். அடிக்கத் துரத்தினேன், கோபுரத்துல ஏறிக்கிட்டு ராத்திரி வரைக்கும் இறங்கலியே.” பையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். “ஓ. இப்பிடி வந்துட்டானா.”

ஹெர்மினா பூக்களைச் சாராவின் பெயர் இருந்த கல்லில் வைத்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உன் மாமியாரும் என் சம்சாரமும் ஒரே நாள்ல கல்யாணம் ஆனவளுங்க” என்றார் மத்தியாஸ் மாமா. “கோயில்ல பொம்பளைங்க கல்யாண வரிசைப்படிதான உக்காரணும்? யாரு முதல்ல மோதிரம் போட்டதுன்னு முப்பது வருஷம் சண்டை. பெஞ்சு ஓரத்து இடத்துக்காக ஒருத்தியை ஒருத்தி இடிச்சுத் தள்ளுவாளுங்க. இப்போ பாரு, தோளோட தோள் ஒட்டிப் படுத்திருக்காளுங்க, ஒரு சத்தம் இல்ல.”

ஹெர்மினா சிரித்தாள். வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

சனிக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். தலைமாட்டில் ஒரு முழச் சதுரம் வெட்டினால் போதும், சாம்பல் கலயம் இறங்கிவிடும். சாராவின் பெயர் போட்ட கல்லில், அதாவது ரெஜினாவின் மேல், சுண்ணக்கட்டியால் சதுரம் வரைந்தேன். உள்ளே இருப்பது யாரென்று யாருக்கும் தெரியப்போவதில்லை. எலும்புக்குப் பெயரா எழுதியிருக்கிறது? மத்தியாஸ் மாமாவும் பாவம், தன் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டிருப்பார். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு உளியை வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஹெர்மினா பையோடு வந்து பக்கத்துப் புல்லில் உட்கார்ந்தாள்.

“நாங்க லேட்டாக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க” என்றாள், நான் கேட்காமலே. “நானும் சாக்சன்தான், ஆனா ரொம்பத் தள்ளி வேற ஊரு. பிள்ளைங்க இல்ல. இந்த ஊருக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போங்கன்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வரமாட்டார். கிளம்புற அன்னிக்கு மண்ணுல கை வச்சு, ‘அம்மா, நீ தூங்கு, சீக்கிரம் வந்துடறேன்’னு சொன்னாராம். வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு சொல்லியே காலத்தை ஓட்டிட்டார். கடைசி வாரம் முழுக்க இதே பேச்சு. ‘அம்மா பக்கத்துல விட்டுடு ஹெர்மி.’ அவ்வளவுதான் கேட்டார்.”

நான் சுத்தியலைத் தூக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமுங்களா? சதுரத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடுவீங்களா? அப்புறம் எனக்கும் அதே இடம்தான். எனக்குன்னு வேற யாரும் இல்ல.”

“உளி மழுங்கிப்போச்சு. தீட்டிட்டுச் சாயங்காலம் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தேன். உளி அன்று காலைதான் தீட்டியது. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தக் கல்லில் அடிக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக் கல்லில் அடிப்பதென்றாலோ மத்தியாஸ் மாமாவிடம் காரணம் சொல்லியாக வேண்டும். எப்படிப் போனாலும் ஒருவரைக் கொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பீடத்தில் ரொட்டியும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முந்தின நாள் தெருக்கூட்டம் கூட வேண்டும். தெருவுக்கு ஒரு தெருத்தகப்பன், அவர்தான் தலைமை. கோட்டை வாசலுக்கு மேலே உள்ள அறையில் தெருவின் பழைய பெட்டியை மேஜைமேல் வைத்து மூடியைத் திறப்பார். மூடி திறந்திருக்கும் நேரத்தில் கத்தக்கூடாது, குடிக்கக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. யாருக்கு யார்மேல் மனத்தாங்கல் என்று மூன்று முறை கேட்பார். இருப்பதைச் சொல்லிக் கை கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கை கொடுக்காதவன் மறுநாள் பீடத்துக்குப் போகக்கூடாது. கை நீட்டியும் வாங்காதவனும் போகக்கூடாது. முன்பு எண்பது பேர் உட்கார்ந்த அறை. இப்போது மூன்று பேர்: மத்தியாஸ் மாமா, நான், அக்னேத்தா அக்கா. மத்தியாஸ் மாமாதான் தெருத்தகப்பன். முப்பத்து மூன்று வருடமாக அவர் மூன்று முறை கேட்பார், நான் மூன்று முறையும் வாயை மூடிக்கொண்டிருப்பேன். மறுநாள் போய்ப் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பேன். தொண்டையில் எதுவும் அடைத்துக்கொண்டதில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

மறுநாள் திருவிருந்து என்பதால் அந்தச் சனிக்கிழமையும் இரண்டு மணிக்குக் கூடினோம். மத்தியாஸ் மாமா ஹெர்மினாவையும் அழைத்திருந்தார். மூடி திறந்தது.

“யாருக்காவது யார் மேலயாவது மனத்தாங்கல் உண்டா?”

“எனக்கு இருக்கு” என்றாள் அக்னேத்தா அக்கா. எழுபத்து நாலு வயதிலும் அவள் நாக்குக்கு மட்டும் வயதாகவில்லை. “இந்த சிமோன் வீட்டு நாய் என் வாத்தைப் பிடிச்சிருச்சு.”

“அக்கா, அது நரி.”

“நரிக்குக் கழுத்துல உன் வீட்டு மணி எப்பிடிடா வந்துச்சு?”

“பெட்டி திறந்திருக்கு” என்று மத்தியாஸ் மாமா எச்சரித்தார். நாய்தான் என்று ஒப்புக்கொண்டேன். கை கொடுத்தேன். அவள் வேண்டுமென்றே நசுக்கினாள்.

இரண்டாவது முறை கேட்டார். எல்லோரும் சும்மா இருந்தோம். ஹெர்மினா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள்.

“மூணாந்தரம் கேக்கறேன். யாராவது யாருக்காவது கெடுதல் பண்ணதுண்டா?”

“உண்டு மாமா” என்றேன். நான் எழுந்து நின்றது எனக்கே பிறகுதான் தெரிந்தது. “நான் பண்ணினேன். உங்களுக்கு. இவங்களுக்கும்.”

“இவங்களுக்கா? நேத்துதானடா வந்தாங்க?”

“ஏழாம் வரிசையில தகட்டை மாத்திப் பதிச்சுட்டேன் மாமா. தொண்ணூறுல. சாரான்னு போட்டிருக்கறதுதான் ரெஜினா அத்தை. நீங்க உக்கார்ற இடத்துல இருக்கறது சாரா. நீங்க வந்த மறுநாளே எனக்குத் தெரியும். சொல்லல.”

மத்தியாஸ் மாமா என்னைப் பார்க்காமல் பெட்டிக்குள் கைவிட்டுக் கல்லறைப் புத்தகத்தை எடுத்தார். பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். ஏழாம் வரிசைப் பக்கத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு பெயராக, ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் படித்துக்கொண்டே வந்தார். பதினொன்றில் விரல் நின்றது. பிறகு பன்னிரண்டுக்கு நகர்ந்தது. அங்கேயே இருந்தது.

“அடக் கடவுளே” என்றாள் அக்னேத்தா அக்கா. “அப்போ இத்தனை வருஷமா நீ சாராகிட்டயா பேசிட்டிருந்தே? ரெஜினா பக்கத்துல படுத்துக்கிட்டு…” சொல்லவந்ததின் பாதியில் அவளுக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நேத்தே சொல்லியிருக்கலாமே” என்றாள் ஹெர்மினா. “நான் பூ வச்சப்போ பக்கத்துலதானே நின்னீங்க? காலையில சுண்ணாம்புல கோடெல்லாம் போட்டீங்களே! என் புருஷனை யாரோ ஒருத்தங்க குழியில போட்டு மூடியிருப்பீங்க, இல்ல?”

“போட்டிருப்பேன்” என்றேன். பெட்டி திறந்திருந்தது.

மத்தியாஸ் மாமா கண்ணாடியைக் கீழே வைத்தார். கோபப்படுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“சிமோன்” என்றார். “நான் அவகிட்ட மன்னிப்பு கேட்டேன்டா. விட்டுட்டுப் போனதுக்கு. மண்ணு அள்ளிப் போட நான் இல்லாமப் போனதுக்கு. தினமும் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமா மனசு லேசாச்சு. சரி, அவ கேட்டுட்டா, மன்னிச்சுட்டான்னு நெனச்சேன். நாலஞ்சு வருஷமா மன்னிப்பே கேக்கறதில்ல, ஊர்க் கதைதான் சொல்லிட்டிருக்கேன்.” மூச்சு வாங்கினார். “அவ ஒண்ணுமே கேக்கல. பக்கத்துலயே நான் உக்காந்து இன்னொருத்திகிட்ட பேசிட்டிருக்கறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா.”

நான் கையை நீட்டினேன். வழக்கப்படி நீட்டியே ஆக வேண்டும். அவர் என் கையைப் பார்த்தார், உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தெருத்தகப்பன் மூடாமல் பெட்டியை வேறு யாரும் மூடக்கூடாது. அப்படியே விட்டுவிட்டு நாங்களும் பின்னால் போனோம்.

தோட்டத்தில் அவர் இரண்டு கற்களுக்கும் நடுவே முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முக்காலி இத்தனை வருடம் இருந்த இடத்தில் மூன்று குழிகள் விழுந்திருந்தன. அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். அங்கே தரை மேடாக இருந்ததால் முக்காலி ஆடியது. உட்கார்ந்தார். என்னுடைய சுண்ணக்கட்டிச் சதுரத்தைப் பார்த்து, கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தார். தினமும் மடைதிறந்ததுபோலப் பேசுகிற மனிதர், புதிதாகப் பெண் பார்க்க வந்தவரைப்போலத் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

எனக்கோ வேலை இருந்தது. மறுநாள் பத்து மணிக்குப் போதகர் வந்துவிடுவார்; பதினொன்றாம் கல்லை இருட்டுவதற்குள் வெட்டியாக வேண்டும். உளியை எடுத்தேன். ஹெர்மினா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். கூட்டத்திலிருந்து வந்தபின் அதுவரை அவள் என்னோடு பேசவில்லை.

“சுத்தியலைக் கீழ வைங்க. முதல்ல அவர் பேசட்டும்.”

“இருட்டிருச்சுன்னா நாளைக்கு அடக்கம் நடக்காதும்மா.”

“நடக்கலன்னா திங்கக்கிழமை நடக்கட்டும். நான் தூக்கி வச்சுக்கறேன். எனக்கு ஒண்ணும் கனமில்ல.”

காத்திருந்தோம். கோபுரத்து மணி நான்கு அடித்தது. அவருடைய வழக்கமான நேரம்.

“ரெஜி” என்றார். “நான்தான். மத்தியாஸ்.” தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதுபோல இருந்தது. “பிப்ரவரி ஆறாம் தேதி பஸ் ஏறினோம், இல்லியா? நீ ரொட்டி கட்டிக் குடுத்தே. வெங்காயம் வைக்கலியேன்னு நான் கத்தினேன். பஸ் கிளம்பற வரைக்கும் கத்தினேன்…”

கொஞ்சம் கழித்து என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “சிமோன், நீ உன் வேலையைப் பாரு. அந்தப் பய அவங்க அம்மாகிட்ட போய்ச் சேரணும்ல.”

அடித்தேன். முப்பத்து மூன்று வருடக் கான்கிரீட். நான்தான் கெட்டியாகப் போட்டிருந்தேன். நான் அடிக்கும்போது அவர் நிறுத்திக்கொள்வார். நான் நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஹெர்மினா கற்சில்லுகளைக் கையால் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். பொழுது சாயும்போது சதுரம் திறந்துவிட்டது, இருவருக்கும் போதுமான அளவில். தகடுகளைத் திருகிக் கழற்றி மாற்றிப் பதித்தேன். இந்தமுறை புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

ஞாயிறு காலை போதகர் வந்தார். எட்டு ஊருக்கு ஒரே போதகர். கார் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர். ரொட்டியும் பாத்திரமும் எடுத்துப் பீடத்தருகே நின்று எங்களைப் பார்த்தார். அக்னேத்தா அக்கா எழுந்து போனாள். ஹெர்மினா போனாள். நான் என் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். மத்தியாஸ் மாமாவும் அவர் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். என் ஞாபகத்தில் அவர் ஒருமுறைகூடப் போகாமல் இருந்ததில்லை. காய்ச்சலில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். போதகர் கொஞ்ச நேரம் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார், பிறகு புரிந்துகொண்டு துணியால் மூடினார். என்னால் வந்த வினை அந்த மனிதருடைய வாயிலிருந்து அதையும் பறித்துவிட்டது.

கியோர்க்கை அவன் அம்மாவிடம் இறக்கினோம். ஹெர்மினா தன் கையாலேயே வைத்தாள். “கொண்டாந்து விட்டுட்டேங்க, அத்தை” என்று மட்டும் சொன்னாள். மண் போடும் முறை வந்தபோது எனக்கு இடம் விட்டாள். அதை மன்னிப்பு என்று சொல்ல மாட்டேன். இடம் விட்டாள், அவ்வளவுதான். பிற்பகல் பஸ்ஸில் போய்விட்டாள்.

நாலு மணிக்கு நான் தோட்டத்துக்குப் போனேன். மத்தியாஸ் மாமா பன்னிரண்டாம் கல்லருகே இருந்தார். முக்காலியின் ஒரு காலுக்கு ஓட்டுச் சில்லு முட்டுக் கொடுத்திருந்தார். பேசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“கை குடுங்க மாமா” என்றேன். “எனக்காக இல்ல. அடுத்த திருவிருந்துக்கு நீங்களாவது போகணும்ல.”

“அதுக்கெல்லாம் இப்போ நேரமில்லடா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வேலை நடுவே கூப்பிட்டால் சொல்வதுபோலச் சொன்னார். “முதல்ல இவகிட்ட எல்லாத்தையும் சொல்லி முடிக்கணும். எனக்கு எம்பத்தேழு ஆச்சு. நேத்தும் இன்னைக்கும் பேசினதுல பிப்ரவரி மாசம்தான் முடிஞ்சிருக்கு.”